மழை யார் கணக்கில்?

போன ஐப்பசி மழையில் ஒரு நாள், ராத்திரி எட்டரை மணி. வீட்டில் அடுப்பு மூட்ட யாருக்கும் மனசில்லை. செல்போனைத் தட்டி நாலு பேருக்கு டிபன் ஆர்டர் செய்தோம். முப்பது நிமிஷம் என்று சொன்னது. ஐம்பது நிமிஷம் ஆகியும் ஆளைக் காணோம். எங்கள் வீட்டில் பசிக்கு முன்னால் கோபம் வந்துவிடும். குடையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போனேன்.

அங்கே ஒரு பைக் சாய்ந்து கிடந்தது. முழங்கால் தண்ணீரில் ரோடு எது, பள்ளம் எது என்று தெரியாத இடம். பக்கத்தில் ஒரு பையன், இருபத்திரண்டு வயசு இருக்கலாம், முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பேண்ட் கிழிந்து முட்டியில் ரத்தம். கம்பெனிப் பையை மட்டும் தண்ணீர் படாமல் திண்ணை மேல் ஏற்றி வைத்திருந்தான்.

"அடி பலமாப்பா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். சாம்பார் மட்டும்தான் கொட்டிடுச்சு. இட்லி நல்லாருக்கு. கம்ப்ளெயின்ட் மட்டும் போட்டுடாதீங்க சார். ஐடி பிளாக் ஆயிடும்."

நான் கேட்டது அவன் முட்டியைப் பற்றி. அவன் பதில் சொன்னது என் சாம்பாரைப் பற்றி.

"கம்பெனியில சொல்லுங்க தம்பி. ஆஸ்பத்திரி செலவு கொடுக்கணுமே?"

"நாங்க ஸ்டாஃப் இல்ல சார். பார்ட்னர்."

கிண்டலாகச் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு நாலு மாசம் முன்னால் வேறொரு பையன் கொண்டுவந்த குழம்பு பாதி கவரிலேயே இருந்தது. நான் அலுங்காமல் ஒரு பட்டனை அழுத்தினேன். இரண்டே நிமிஷத்தில் நூற்றெண்பது ரூபாய் திரும்பி வந்துவிட்டது. 'ஆஹா, என்ன தாராளமான கம்பெனி' என்று நாலு பேரிடம் மெச்சிக்கூடப் பேசினேன். அந்த நூற்றெண்பது யார் பாக்கெட்டிலிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. இந்தப் பையன் முட்டியைப் பார்த்த பிறகுதான் தோன்றியது.

*

பார்ட்னர் என்றால் தமிழில் கூட்டாளி. ஊரில் இரண்டு பேர் கூட்டாக மளிகைக் கடை வைத்தால் என்ன அர்த்தம்? லாபத்தில் பங்கு, நஷ்டத்தில் பங்கு. கணக்கு நோட்டை இருவரும் புரட்டலாம். பருப்பை என்ன விலைக்கு விற்பது என்று இருவரும் உட்கார்ந்து பேசலாம். இந்தப் பையனுக்கு அதெல்லாம் கிடையாது. ஒரு ஆர்டருக்கு இன்றைக்கு என்ன ரேட், அடுத்த வாரம் என்ன ரேட் என்பதை அவனுடைய செல்போன்தான் அவனுக்குச் சொல்கிறது. பைக் அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, பைக்கின் மாசாந்திர ட்யூ அவனுடையது. கீழே விழுந்தால் முட்டியும் அவனுடையதுதான்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய சட்டக் கேள்வி இருக்கிறது. ஒருவர் இன்னொருவருக்காக வேலை செய்கிறார். அவர் ஊழியரா? அல்லது தனியாகத் தொழில் நடத்திக்கொண்டு, கேட்டவருக்கு வேலை முடித்துக் கொடுக்கும் காண்ட்ராக்டரா?

பதிலைப் பொறுத்து வாழ்க்கையே மாறும். ஊழியர் என்றால் குறைந்தபட்சக் கூலி உண்டு. பி.எஃப்., இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி, வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு என்று ஒரு பட்டியலே, அதற்கான வரம்புகளுக்கு உட்பட்டு, பின்னால் வரும். நினைத்த மாத்திரத்தில் வீட்டுக்கு அனுப்ப முடியாது. காண்ட்ராக்டர் என்றால் பேசிய பணம் கைக்கு வந்ததும் கணக்கு முடிந்தது. வணக்கம், போய் வாருங்கள்.

சில விஷயங்களில் சந்தேகமே கிடையாது. உங்கள் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வரும் பிளம்பர் உங்கள் ஊழியர் இல்லை. ரேட்டை அவர்தான் சொல்கிறார், வருகிற நாளையும் அவர்தான் சொல்கிறார். (சொன்ன நாளில் வருவதில்லை என்பது வேறு கதை.) வங்கியில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் ஊழியர் என்பதிலும் சந்தேகம் இல்லை. தகராறு எல்லாம் நடுவில் நிற்பவர்களைப் பற்றித்தான்.

*

இந்தத் தகராறு செல்போனோடு பிறந்தது என்று நினைத்தால் தப்பு. குஜராத்தில் தரங்கதராவுக்குப் போகலாம், வாருங்கள். கட்ச் பாலைவனத்து ஓரம். அங்கே பரம்பரையாக உப்பு எடுப்பவர்களுக்கு அகரியாக்கள் என்று பெயர். மழைத்தண்ணீர் பூமியில் இறங்கி உப்பேறி நிற்கும். கிணறு தோண்டி அதை மேலே கொண்டுவந்து, தேக்கி, பாத்தியில் பாய்ச்சி, உப்பாக விளைவிக்க வேண்டும். மழைக்காலம் முடிந்து அக்டோபர் வாக்கில் வேலை தொடங்கும். வேதாரண்யத்திலோ தூத்துக்குடியிலோ உப்பளம் பார்த்தவர்களுக்கு அந்த வெயிலும் கண் கூச்சமும் சொல்லாமலே புரியும்.

தரங்கதரா கெமிக்கல் ஒர்க்ஸ் கம்பெனி அந்த உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து ஒவ்வொரு அகரியாவுக்கும் ஒன்று கொடுக்கும். ஆரம்பச் செலவுக்கு ஒரு பாத்திக்கு 400 ரூபாய் முன்பணம். விளைந்த உப்புக்கு மணங்குக்கு ஐந்தரை அணா. 1950 வாக்கில் தொழிலாளிகள் வேலை நிலைமை பற்றிப் பிரச்னை கிளப்பினார்கள். கம்பெனி சொன்ன பதில்: 'இவர்கள் எங்கள் தொழிலாளிகளே இல்லை. சுதந்திரமான காண்ட்ராக்டர்கள்.'

கம்பெனியின் வாதம் லேசானது அல்ல. அகரியாக்களுக்கு வேலை நேரம் கிடையாது. வருகைப் பதிவேடு கிடையாது. லீவு விதி கிடையாது. எப்போது வேண்டுமானாலும் வேலை செய்யலாம். குடும்பத்தோடு சேர்ந்து செய்யலாம், துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். அந்த ஆளுக்குக் கூலியை அகரியாவே கொடுத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு சுதந்திரம் உள்ளவன் எப்படித் தொழிலாளி ஆவான்?

இன்றைக்கு பைக் பையனைப் பற்றிச் சொல்கிற வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன அல்லவா?

1956 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி என்.எச்.பகவதி. ஒப்பந்தம் என்ன பெயர் சொல்கிறது என்பதோடு கோர்ட் நிறுத்திக்கொள்ளவில்லை. உப்பளத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தது. கிணற்றுத் தண்ணீரின் அடர்த்தியைக் கம்பெனியின் உப்பு சூப்பரிண்டெண்ட் வந்து சோதிப்பார். பாத்தி சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்ப்பார். உப்பு பூக்க ஆரம்பித்தால் மறுபடி வருவார். அவர் சரி என்ற பிறகுதான் உப்பை வாரலாம். வாரி, ரயில் வேகனில் ஏற்றி, கிடங்குக்குப் போனால் அங்கே இன்னொரு சோதனை. தேறினால்தான் ஐந்தரை அணா.

தேறாவிட்டால்? அகரியாவுக்குக் காசு கிடையாது. சரி, அந்த உப்பையாவது அவர் எடுத்துப்போய் வேறு இடத்தில் விற்றுக்கொள்ளலாமா? கூடாது. கழித்துப் போட்ட உப்பும் கம்பெனிக்குத்தான் சொந்தம்.

வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் கட்டளையிடும் உரிமை கம்பெனியிடம் இருக்கிறது, எனவே இவர்கள் தொழிலாளிகளே என்று தீர்ப்பாயிற்று. துணைக்கு ஆள் வைத்துக்கொண்டது ஒரு தடையாகவில்லை. தானே உடம்பால் பாடுபடுகிறவர் நாலு பேரைக் கூட வைத்துக்கொண்டதால் முதலாளி ஆகிவிட மாட்டார் என்பது கோர்ட்டின் கருத்து. நேரம் தவறாமல் வர வேண்டியதில்லை என்பது ஒரு விஷயம். தன் இஷ்டப்படி வேலை செய்யலாம் என்பது வேறு விஷயம். இரண்டையும் நாம்தான் குழப்பிக்கொள்கிறோம்.

*

அடுத்தது ஆந்திராவில் ஒரு தையல் கடை. பெயர் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ். அங்கே தைத்தவர்களுக்கு மாசச் சம்பளம் இல்லை, பீஸ் ரேட். தினமும் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேறு கடைக்கும் தைக்கலாம். சில சமயம் துணியை வீட்டுக்கே எடுத்துப்போவார்கள். கடைக்காரர் 'இவர்கள் என் ஊழியர்கள் அல்ல' என்றார்.

1973-ல் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி கே.கே.மாத்யூ முக்கியமாகக் கவனித்த விஷயங்களில் இரண்டைச் சொல்கிறேன். தையல் மெஷின் கடைக்காரருடையது. இன்னொன்று, தைத்தது பிடிக்காவிட்டால் 'சரியில்லை, பிரிச்சுத் திரும்பத் தை' என்று சொல்லும் உரிமையும் கடைக்காரருடையது. பக்கத்தில் நின்று ஒவ்வொரு தையலையும் பார்க்க வேண்டியதில்லை. நிராகரிக்கும் உரிமை இருந்தாலே கட்டுப்பாடு இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அன்றைக்குக் கடைக்காரர் 'பிரிச்சுத் தை' என்றார். இன்றைக்கு அந்த உரிமையை யாரிடம் கொடுத்திருக்கிறார்கள்? உங்களிடமும் என்னிடமும். சாப்பாடு வந்ததும் ஐந்து நட்சத்திரம் நீட்டுகிறார்களே, அது விளையாட்டு இல்லை. உப்பளத்து சூப்பரிண்டெண்ட் உத்தியோகம்! சம்பளம் இல்லாமல் நாம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு மூட் சரியில்லை என்று நாம் வைக்கிற ஒற்றை நட்சத்திரம், ஒருவனுடைய அடுத்த வாரப் பிழைப்பில் போய் இடிக்கிறது.

பீடி விஷயத்தில் கோர்ட்டே திண்டாடியது. 1960களின் தொடக்கத்தில் நாக்பூர் பீடித் தொழிலாளிகள் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 'இவர்கள் தொழிலாளிகளே' என்றது. கொஞ்ச நாள் கழித்து மகாராஷ்டிராவிலிருந்து வந்த இன்னொரு பீடி வழக்கில், அந்த ஆள் நினைத்தபோது வந்து நினைத்தபோது போகிறார், அவர் தொழிலாளி இல்லை என்றது. அந்த பெஞ்சிலேயே நீதிபதி சுப்பாராவ் ஒத்துக்கொள்ளவில்லை. இலையை நறுக்குவதும் தூளை வைத்துச் சுற்றுவதும் ஒரே மாதிரி வேலை. ஒருவருக்குச் சட்டம் உண்டு, இன்னொருவருக்கு இல்லை.

கடைசியில் 1966-ல் பார்லிமெண்ட் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டம் போட்டது. இலையும் தூளும் வாங்கி வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரும் தொழிலாளியே என்று எழுதிவிட்டது. திருநெல்வேலிப் பக்கம் போனால் வாசல் திண்ணையில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு சூப்பர்வைசர் இல்லை, சங்கு ஊதுவதில்லை. நடுவில் எழுந்து போய் உலை வைக்கலாம், பிள்ளைக்குத் தலை வாரலாம். ஆனால் சுற்றிய கட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது 'இது தேறாது' என்று கழித்துப் போடும் உரிமை அந்தப் பக்கம் இருக்கிறது. வீட்டில் சுற்றுகிறவர்களுக்கும் பி.எஃப். உண்டு என்று 1980களின் நடுவில் சுப்ரீம் கோர்ட் சொன்னபோது, பிடித்துக்கொண்டது இந்தக் கழிக்கிற உரிமையைத்தான்.

1966-ம் வருஷத்துச் சட்டம் இன்று தனியாக இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டது. ஆனால் அது சொல்லிக்கொடுத்த பாடம் இருக்கிறது. வேலை செய்யும் இடம் வீடு என்பதற்காக, வேலை சொந்த வேலை ஆகிவிடாது.

*

நம் ஊர் கதை மட்டும் இல்லை இது. லண்டனில் ஊபர் டிரைவர்கள் வழக்குப் போட்டார்கள். 'நாங்கள் டாக்ஸி கம்பெனியே இல்லை. டிரைவர் ஒவ்வொருவரும் தனித்தனி வியாபாரி. நாங்கள் பயணியையும் அவரையும் சேர்த்து வைக்கிறோம்' என்று கம்பெனி சொன்னது. 2016-ல் வழக்கை முதலில் விசாரித்த தீர்ப்பாயம், லண்டனில் முப்பதாயிரம் குட்டி வியாபாரிகள் ஒரு ஆப்பில் கோத்திருக்கிறார்கள் என்று நம்பச் சொல்வது சிரிப்பை வரவழைக்கிறது என்ற பொருளில் எழுதியது.

2021 பிப்ரவரியில் பிரிட்டன் சுப்ரீம் கோர்ட்டும் டிரைவர்கள் பக்கமே நின்றது. கட்டணத்தைக் கம்பெனி நிர்ணயிக்கிறது. ஒப்பந்த வாசகத்தைக் கம்பெனி எழுதுகிறது. சவாரியை அடிக்கடி மறுத்தால் ஆப்பிலிருந்து வெளியே தள்ளுகிறது. நட்சத்திரம் குறைந்தால் நீக்குகிறது. பயணியும் டிரைவரும் தங்களுக்குள் தொடர்பு வளர்த்துக்கொள்ள விடுவதில்லை. இதில் தனி வியாபாரம் எங்கே இருக்கிறது?

'அவர்தானே கையெழுத்துப் போட்டார்?' என்று கேட்பார்கள். அதற்கும் அந்தக் கோர்ட் பதில் சொன்னது. ஒரு பக்கம் எழுதிக் கொடுத்ததை இன்னொரு பக்கம் அப்படியே ஏற்க வேண்டிய நிலை இருப்பதால்தான் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று தேவைப்பட்டது. அந்தக் காகிதத்தையே காட்டிச் சட்டத்திலிருந்து தப்பிக்கலாம் என்றால், சட்டம் எதற்கு? பிறகு அந்த டிரைவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்துடன் லீவும் கிடைத்தன.

கலிஃபோர்னியா கோர்ட் 2018-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. காண்ட்ராக்டர் என்று நிரூபிக்க வேண்டியது கம்பெனியின் பொறுப்பு என்றது. அதில் ஒரு சோதனை எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் செய்வது உங்கள் தொழிலா, அதற்கு வெளியே உள்ள வேலையா? கடையில் ஒழுகும் குழாயை அடைக்க வரும் பிளம்பர் வெளியாள். துணிக் கம்பெனி துணியும் மாதிரியும் கொடுத்து, வீட்டில் வைத்துத் தைக்கச் சொல்கிற பெண் வெளியாள் இல்லை. இது அந்தக் கோர்ட்டே சொன்ன உதாரணம். நம்முடைய 1973 தையல் கடைக்காரர் கேட்டிருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார்.

*

எல்லாத் தீர்ப்பும் ஒரே பக்கம் போகவில்லை. 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் ஒரு கான்கிரீட் கம்பெனி லாரி டிரைவர் வழக்கு. லாரிக்குக் கம்பெனி வண்ணம், டிரைவருக்குக் கம்பெனி யூனிஃபார்ம். ஆனாலும் லாரி அவருடையது, தனக்குப் பதில் வேறு டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம் என்பதால், அவர் சொந்தத் தொழில் செய்பவர் என்று தீர்ப்பானது. கலிஃபோர்னியாவில் 2020 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. ஆப் டிரைவர்களைக் காண்ட்ராக்டராகவே வைத்திருக்கலாம் என்று சுமார் 58 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். கம்பெனிகள் கோடிகோடியாகக் கொட்டிப் பிரசாரம் செய்தன என்பது உண்மை. வேண்டுமென்று நினைத்த டிரைவர்களும் இருந்தார்கள் என்பதும் உண்மை.

அவர்களை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நியாயமில்லை. பகலில் காலேஜ் போய்விட்டு சாயங்காலம் மூணு மணி நேரம் வண்டி ஓட்டும் பையன் இருக்கிறான். 'யார்கிட்டயும் லீவு கேக்க வேணாம் சார், ஆப்பை ஆஃப் பண்ணினா லீவு' என்று சந்தோஷமாகச் சொன்ன நடுத்தர வயசுக்காரரை எனக்குத் தெரியும். முன்பு ஒரு ஷெட்டில் மேஸ்திரியிடம் தினமும் வசவு வாங்கியவர் அவர். அந்தச் சுதந்திரம் அவருக்கு நிஜமானது. எல்லாரையும் ஊழியர் ஆக்கினால் கம்பெனி ஆட்களைக் குறைக்கலாம். என் வீட்டு இட்லி விலையும் ஏறலாம்.

ஆனால் ஒன்று. நேரத்தைத் தானே தீர்மானிக்கும் வசதியை ஊழியருக்குக் கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது? அகரியாவுக்கு அது இருந்தது. பீடி சுற்றும் பெண்ணுக்கு இருந்தது. 'சுதந்திரம் வேணுமா, பாதுகாப்பு வேணுமா, ஒண்ணைத் தொடு' என்று ஒருவரை மிரட்ட வேண்டிய அவசியம் இல்லை.

என்னையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். நான் இந்தப் பத்திரிகையின் ஊழியன் இல்லை. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. யாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம். எழுத மாட்டேன் என்று நான் சொல்லலாம். போன வருஷம் காய்ச்சலில் ஒரு வாரம் எழுதவில்லை, என் ஐடி பிளாக் ஆகவில்லை. மழையில் பத்திரிகை விற்காவிட்டால் என் பணத்தைப் பிடிப்பதும் இல்லை.

பிளம்பரும் அப்படித்தான். அவருக்கும் பி.எஃப். இல்லை, மழை பெய்தால் அவருக்கும் வேலை நஷ்டம். ஆனால் அவர் மழையையும் சேர்த்துத்தான் ரேட் சொல்கிறார். 'இந்த ரேட்டுக்குக் கட்டாது சார்' என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போகிறார். எனக்கு இத்தனை தீர்ப்புகளிலிருந்தும் விளங்கியது இதுதான்: நஷ்டத்தைத் தாங்குகிறவனுக்கு விலை சொல்லும் உரிமை இருக்க வேண்டும். விலையைத் தானே போடுகிறவன் நஷ்டத்தையும் தானே தாங்க வேண்டும். இந்த இரண்டில் எது நடந்தாலும் நியாயம். விலை சொல்லும் உரிமையைக் கம்பெனி எடுத்துக்கொண்டு, நஷ்டத்தை மட்டும் பைக்கில் கட்டி அனுப்பினால், அதற்குப் பார்ட்னர் என்று பெயர் வைப்பது சரியா?

நம் அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2020-ல் நிறைவேறி, இப்போது அமலுக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கிக் தொழிலாளி என்ற பெயரை முதல்முறையாகச் சட்டத்தில் ஏற்றியது. ஆப் கம்பெனிகள் வருஷ விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை அவர்கள் நலனுக்காகக் கொடுக்க வேண்டும். அந்தத் தொகை தொழிலாளிகளுக்குக் கொடுப்பதில் 5 சதவீதத்தைத் தாண்டாது. ராஜஸ்தான் 2023-ல் தனிச் சட்டம் போட்டது, கர்நாடகா 2025-ல். தமிழ்நாட்டில் 2023-ல் இவர்களுக்கென்று நலவாரியம் வந்தது. நிதி ஆயோக் கணக்குப்படி 2020-21-ல் நாட்டில் கிக் தொழிலாளிகள் 77 லட்சம் பேர். 2029-30-ல் 2.35 கோடி ஆவார்கள் என்பது அதன் மதிப்பீடு.

நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டமே இவர்களை எப்படி வர்ணிக்கிறது தெரியுமா? வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்பவர்கள் என்று. அதாவது, மழையில் நனைகிறவனுக்கு ஒரு குடை கொடுத்தாயிற்று. மழையில் அனுப்பியது யார் என்ற கேள்வியை எடுத்து ஓரமாக வைத்தாயிற்று. குடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேள்வி அங்கேயே கிடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

*

அன்றைக்கு அந்தப் பையனை வீட்டுக்குள் கூப்பிட்டேன். வாசல்படியைத் தாண்ட மாட்டேன் என்றான். அங்கேயே உட்கார வைத்து முட்டியைத் துடைத்து மருந்து போட்டோம். டீ பாதி குடித்திருப்பான், செல்போன் மணி அடித்தது. அடுத்த ஆர்டர். "இதை விட்டா இன்னைக்கு இன்சென்டிவ் போயிடும் சார்" என்று எழுந்துவிட்டான். பைக்கை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். நான் ஐந்து நட்சத்திரம் போட்டேன். எனக்குக் கொடுத்திருந்த அதிகாரம் அவ்வளவுதான்.

இட்லிக்கு மிளகாய்ப்பொடி தொட்டுக்கொண்டே அகரியா கதை, தையல் கடை கதை, லண்டன் கதை எல்லாவற்றையும் வீட்டில் சொன்னேன். ரேட்டை யார் போடுகிறார், மாட்டேன் என்றால் என்ன ஆகும், மழை பெய்தால் யாருக்கு நஷ்டம், இந்த மூணு கேள்வியைக் கேட்டால் போதும் என்று விளக்கினேன். மனைவி பொறுமையாகக் கேட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபோது கேட்டாள்:

"ஏங்க, நம்ம வீட்டுக்கு வேலைக்கு வர்ற அம்மாவுக்கு ரேட்டு யாரு போட்டது?"

"நாமதான்."

"போன மாசம் அவங்க தெருவுல தண்ணி புகுந்து மூணு நாள் வரலையே, அதுக்குக் காசு பிடிச்சது யாரு?"

பதில் சொல்லவில்லை. பிடிக்கச் சொன்னது நான்தான். 'வராத நாளுக்கு எப்படிக் கொடுக்கிறது?' என்று நியாயம் வேறு பேசியிருந்தேன்.

மறுநாள் காலையில் அந்த மூணு நாள் கூலியைக் கொடுத்தோம். "எதுக்கும்மா இது?" என்று அந்தம்மா கேட்டார். மழைக் கணக்கு என்றாள் என் மனைவி.

உங்கள் வீட்டில் அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது?